பளபளப்பு அப்புறம், முதலில் கண்டென்சர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடக்கும் வால்வு ரேடியோவை (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் வைத்த ரேடியோ)ச் சுத்தம் செய்து மீட்பது பற்றி இப்போது எங்கு பார்த்தாலும் குறிப்புகள். எல்லாம் எதைத் தடவினால் பளபளக்கும் என்பதோடு முடிந்துவிடுகின்றன. கை வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. உங்கள் நாளிதழிலாவது அதை முதலில் போடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்பது தப்பு. வால்வு செட்டின் ஃபில்டர் கண்டென்சர்களில், அதாவது மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பாகங்களில், 250, 300 வோல்ட் டிசி நிற்கும், நிறுத்திய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று சொல்ல முடியாது. பல வருடம் சும்மா கிடந்த செட்டில் சார்ஜ் இருக்காதே என்பீர்கள், சரிதான், ஆனால் யார் சும்மா திறக்கிறார்கள், பாடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தானே ஸ்குருவைக் கழற்றுகிறோம்! ஸ்குரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் வீரமும் வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்புகளோடு கண்டென்சரின் இரு முனைகளிலும் சில விநாடிகள் பிடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட் என்றால் இன்னும் மோசம், அதில் சேஸியே (பாகங்கள் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் ஒயரோடு சேர்ந்திருக்கும், கரண்ட் இருக்கும்போது குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே ஷாக்தான். பழைய படக்குழாய் டிவியைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது, கலர் டிவியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும்.

அடுத்து தூசி. ஊதித் தள்ளாதீர்கள். சில பழைய செட்டுகளில் சூடு தாங்குவதற்காகக் கல்நார் அட்டை வைத்திருப்பார்கள், அதைச் சுரண்டினால் நார் நுரையீரலுக்குத்தான் போகும். மாஸ்க் போட்டுக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஸ்டேஷன் பிடிக்கத் திருப்பும் கேங் கண்டென்சரின் தகடுகளை முழுக்க உள்ளே மூடி வைத்துவிட்டுத் தட்டுங்கள், வளைந்தால் ஸ்டேஷன் இடம் மாறிவிடும்.

பேண்ட் சுவிட்ச் (மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மாற்றுவது), வால்யூம் கண்ட்ரோல் இரண்டுக்கும் காண்டாக்ட் கிளீனர்தான், துரு எடுக்கும் ஸ்ப்ரே எண்ணெய் அல்ல. அந்த எண்ணெய் தங்கித் தூசியைச் சேர்க்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நல்லதுதான், ஆனால் தீப்பிடிக்கும், முழுக்கக் காய்ந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். மரப் பெட்டியில் ஷெல்லாக் (அரக்கு) பாலிஷ் இருந்தால் அதையும் கரைத்துவிடும். டயல் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் ஸ்டேஷன் பெயர்கள் அச்சாகியிருக்கும், ஈரத்துணி பட்டால் பெயர்களும் துணியோடு வந்துவிடும், முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். வால்வின் மேலுள்ள நம்பரும் அப்படித்தான். எத்தனை பேர் இப்படி அழித்துவிட்டு இது என்ன வால்வு என்று கேட்டு அலைகிறார்களோ!

துடைத்து முடித்ததும் நேராக மெயின்ஸில் செருகாதீர்கள். சீரிஸில், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி, ஒரு பழைய குண்டு பல்பைக் கோர்த்துப் போடுங்கள் (எல்இடி உதவாது). முதலில் எரிந்து பிறகு மங்கினால் நல்ல அறிகுறி, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்