வல்லநாட்டு வெளிமான்களும் நோய் எதிர்ப்பு மரபணுக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வல்லநாடு சரணாலயத்து வெளிமான்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் எத்தனை மான்கள் கூடின, எத்தனை குறைந்தன என்பதோடு முடிந்துவிடுகின்றன. நெல்லை–தூத்துக்குடி நெடுஞ்சாலையை அடுத்து, ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1987 முதல் பாதுகாக்கப்பட்டுவரும் இந்தத் தென்கோடிக் கூட்டத்தைப் பொறுத்தவரை, அவற்றின் நோய் எதிர்ப்பு மரபணுக்களில் எத்தனை வகைகள் எஞ்சியுள்ளன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

முதுகெலும்புள்ள உயிர்களில் எம்.எச்.சி. எனப்படும் மரபணுத் தொகுதி, கிருமியின் புரதத் துணுக்குகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்தி வெள்ளணுக்களுக்குக் காட்டும் மூலக்கூறுகளை உருவாக்குகிறது. ஒவ்வொரு வகை மூலக்கூறும் சில துணுக்குகளை மட்டுமே பற்றும் என்பதால், தாய்வழி ஒன்றும் தந்தைவழி வேறொன்றும் பெற்ற விலங்கு, இரண்டும் ஒன்றாகவே அமைந்த விலங்கைவிடக் கூடுதலான கிருமிகளை இனங்காணும். மேலும், கூட்டத்தில் பரவலாக உள்ள வகையிடம் பிடிபடாதபடி கிருமி தன்னை மாற்றிக்கொள்ளும்போது அதுவரை அரிதாயிருந்த வகை கைகொடுக்கிறது. அது பெருகியதும் கிருமி அதற்கேற்பவும் மாறுகிறது. இவ்வாறு எந்த வகையும் முழுதாக வெல்லாமலும் அழியாமலும் இயற்கைத் தேர்வு பார்த்துக்கொள்கிறது. மனிதரும் சிம்பன்சியும் பிரிவதற்கு முன்பே தோன்றிய சில எம்.எச்.சி. வகைகளின் வழிகள் இரு இனங்களிலும் இன்றுவரை நீடிப்பதும் இதனால்தான்.

கூட்டம் சிறுத்துவிட்டால் நிலைமை மாறும். எந்த மான் குட்டி ஈன்றது, எது நாய்க்கு இரையானது என்ற தற்செயல்களே மரபணு வகைகளின் விதியைத் தீர்மானிக்கத் தொடங்கும். மரபியல் நகர்வு என்பது இதுவே. அயல் தோலை உடல் ஏற்க மறுப்பதும் எம்.எச்.சி. வேறுபாட்டால்தான். எனவே, உறவில்லாத சிவிங்கிப்புலிகளுக்கிடையே ஒட்டிய தோலை உடல் நிராகரிக்காததை 1985-இல் வெளியான ஆய்வு காட்டியது, அவ்வினம் இந்த மரபணுக்களில் எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கருதப்பட்டது. மாறாக, கலிஃபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவு நரிகள் பிற மரபணுக்களில் வேறுபாடே அற்றுப்போன பின்னரும் எம்.எச்.சி.யில் மட்டும் பன்மையைக் காத்து வைத்திருந்தன. வல்லநாடு இவ்விரண்டில் எந்தப் பக்கம் என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது; நரியின் அதிர்ஷ்டத்தை மானுக்கும் எதிர்பார்ப்பது பொறுப்பாகாது என்பது என் கருத்து.

நம் வட்டாரத்தில் இந்தக் கவலை மானோடு நிற்பதில்லை. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் யானைகளே இந்திய யானைக் கூட்டங்களில் மரபணுப் பன்மை மிகக் குறைந்தவை என 2024-இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு கூறுகிறது.

மங்கோலியாவில் வீட்டு ஆடுகளிடமிருந்து தொற்றிய ஆட்டுக்கொல்லி நோய் 2017-இல் சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. ஆகவே சரணாலயத்தைச் சுற்றிய ஊர்களின் ஆடுமாடுகளுக்கு ஆட்டுக்கொல்லி, கோமாரித் தடுப்பூசிகளை ஒன்றுவிடாமல் போடுவதே உடனடி வேலை. அடுத்ததாக, மான்களைப் பிடித்து வதைக்காமல், புழுக்கைகளையும் இறந்தவற்றின் திசுக்களையும் சேகரித்து, இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் துணையோடு வனத்துறை இந்த மரபணுக்களை ஆராயலாம். வேறிடத்திலிருந்து சில மான்களைக் கொண்டுவந்து சேர்ப்பது பன்மையைக் கூட்டலாம். ஆனால் அவற்றோடு புதுக்கிருமியும் வந்து சேரலாம். கணக்கெடுப்பு அறிக்கையோடு மரபணு ஆய்வின் முடிவும் வெளியானால், அப்படிச் செய்யலாமா கூடாதா என்பதை ஊகத்தால் அல்லாமல் ஆதாரத்தால் முடிவு செய்ய இயலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை