முத்துவுக்கு ஆக்கிப்போடும் மகளுக்கு

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம், உனக்குக் காலை, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கரண்டில் மெதுவாக வேகவைக்கும் அந்த ஸ்லோ குக்கர் சட்டி நிறையக் கோழி, அரிசி, கேரட், மேலே ரெண்டு கைப்பிடி ராஜ்மா. "முத்துவுக்கு இனிமேல் வீட்டுச் சாப்பாடுதான், உன்னை மாதிரியே" என்று எழுதியிருந்தாய். நாய்க்கு நீயே ஆக்கிப்போடுவது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ராஜ்மா கண்ணை உறுத்தியது. டப்பாவில் வந்ததா, வேகவைத்ததா என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் பிரியாமல் பளபளவென்று கிடந்தது. பச்சையேதான். உடனே போன் போட்டு, அதைக் குப்பையில் கொட்டுடி என்று கத்தினேன். காரணம் சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். ஆடியோவாக அனுப்பினால் அக்கா ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாள் என்று உன் தம்பி சொல்கிறான்.

சிவப்பு ராஜ்மாவில் ஒரு நச்சு இருக்கிறது. தளதளவென்று கொதித்தால்தான் அது சாகும். நாம் ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிரஷர் குக்கரில் விசில் விட்டு இறக்குகிறோம். அதனால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. ஸ்லோ குக்கர் சூடு ஏறுவதற்கே மணிக்கணக்காகும். பயறு மெத்தென்று ஆகிவிடும், நச்சு அப்படியே இருக்கும். அரைகுறைச் சூட்டில் முன்னைவிடக் கூடவும் செய்யும். நாலைந்து பயறு வயிற்றுக்குள் போனாலே பெரிய ஆளுக்கு வாந்தி பேதி வந்துவிடும். நாய்க்குச் சொல்லவா வேண்டும். நீ பார்த்துச் செய்த குறிப்பில் இருந்தது டப்பா ராஜ்மாவாக இருக்கும், அது ஏற்கெனவே வெந்தது. நீ காய்ந்த பயறை எடுத்து அப்படியே போட்டுவிட்டாய். முத்துவுக்கு ராஜ்மா வேண்டாம், நாம் பொரியல் செய்கிற பீன்ஸ் போதும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்புறம் போடு.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டியைக் கண்டுபிடித்ததே பயறு வேகவைக்கத்தான். போன வருஷம் உன் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை படித்துச் சொன்னார். இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். லிதுவேனியாவில் யூதர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். மறுநாள் அடுப்பு மூட்டக்கூடாத நாள். அணைகிற அடுப்பின் சூட்டிலேயே ராத்திரி முழுக்க வேகும். அவருடைய அம்மா சொன்ன அந்தக் கதையை வைத்துத்தான் இதைச் செய்தார். 1971-லிருந்து வேறொரு கம்பெனி கிராக் பாட் என்று பேர் வைத்து விற்றது. கேட்டதும் எனக்கு உன் அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. வரட்டிக் கணப்பில் பால் பானையைக் காலையில் ஏற்றினால் சாயங்காலம் வரை அது பாட்டுக்குக் கிடக்கும். மேலே செம்மண் நிறத்தில் ஆடை கட்டியிருக்கும். அதற்கு நீயும் உன் தம்பியும் போட்ட சண்டை மறந்துவிட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயறு ஒரு நாள் சங்கதி, கொட்டினால் தீர்ந்தது. நான் எழுத நினைத்தது வேறு. "உன்னை மாதிரியே" என்றாயே, அது. என்னை மாதிரிச் செய்யாதே.

நம் வீட்டு நாய் வெள்ளையனை நீ விடுமுறைக்கு வந்து போகும்போதுதான் பார்த்திருக்கிறாய், அவன் குட்டியாக இருந்த காலம் உனக்குத் தெரியாது. 2009-ல் நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன அடுத்த மாதம் அப்பா தூக்கி வந்தார். நாற்பது நாள் குட்டி. மூக்கு ரோஸ் நிறம், உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. 2005-ல் நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் நம் ராஜபாளையம் நாயும் இருந்ததே, அதை வாங்கி டைரியில் ஒட்டி வைத்திருந்தவர் அவர். அந்தப் பெருமையில் கொண்டுவந்தார். காது கேட்காது என்று பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. இந்த வெள்ளை நாய்களில் அது நிறைய உண்டு.

காது கேட்காத பிள்ளை என்று எனக்கு ஒரே இரக்கம். நீயும் வீட்டில் இல்லை. தினமும் கால் கிலோ ஆட்டுக்கறி, எலும்பில்லாமல், தொண்டையில் குத்திவிடும் என்று நானே பிரித்து எடுப்பேன். பச்சரிசிச் சோற்றைக் குழைய வடித்துப் பிசைந்து வைப்பேன். பால் கொடுத்தால் வயிற்றால் போகிறது என்று நிறுத்திவிட்டேன். நாம் சாப்பிடுவதைவிட நல்ல சாப்பாடு. தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நாலு மாதத்தில் முன்னங்கால் ரெண்டும் வளைந்துவிட்டது. வாசல்படி ஒன்றே ஒன்று, அதில் ஏற மாட்டேன் என்று நின்றான். தூக்கினால் அழுதான். கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பாதத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். கறிசோறுதான் டாக்டர், ஒரு நாள் தவறாமல் என்றேன். "அதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார் முதலில்.

அப்புறம் உட்காரவைத்து விளக்கினார். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் கம்மி. ரத்தத்துக்குக் கால்சியம் வேண்டும் அல்லவா, சாப்பாட்டில் வராததை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். எலும்பு மூங்கில் குச்சி மாதிரி ஆகிவிடும். திரும்பி வரும்போது கறிக்கடை வாசலில் செவலை நாய் ஒன்று நின்றது. எலும்பும் சவ்வுமாகக் கடிக்கிற நாய். காலைப் பார்த்தேன். தூண் மாதிரி இருந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

கால்சியம் மருந்தும் சாப்பாட்டு மாற்றமுமாக ரெண்டு மாதத்தில் ஓடினான். ஆனால் இடது முன்னங்கால் கடைசிவரை கொஞ்சம் உள்பக்கம் வளைந்தேதான் இருந்தது. நீ லீவுக்கு வந்தபோது "நடையே ஒரு ஸ்டைல்மா" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதிமூன்று வருஷம் இருந்தான். அவன் நடக்கும்போதெல்லாம் நான் அந்தக் காலைத்தான் பார்ப்பேன்.

முத்து வளர்ந்த நாய், எட்டு வயது. அவனுக்கு இப்படி நாலு மாதத்தில் தெரியாது. அதுதான் எனக்குப் பயம். பளபளவென்று இருப்பான், தட்டை நக்கி வைப்பான், ரெண்டு வருஷம் கழித்து ஏதாவது ஒன்று கிளம்பும். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் புத்தகத்திலும் இணையத்திலும் வந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசியிருக்கிறார்கள், 2013-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 95 குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியமான சத்தாவது குறைவு. என் கறிசோறு அங்கே போயிருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது நான் அங்கே இருந்த அஞ்சு மாதம் எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். நீ வேலைக்கு ஓடிக்கொண்டே இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். உன் சட்டி ஆறு குவார்ட், கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் லிட்டர். தோலும் எலும்பும் இல்லாத கோழித் தொடை ஒன்றரைக் கிலோ. ஃப்ரீசரில் கல்லாக இருப்பதை அப்படியே போடாதே, முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இறக்கி வைத்து இளகவிடு. இல்லையென்றால் உள்ளே சூடு ஏறுவதற்குள் கெட்டுப்போகும். கோழி ஈரல் நூறு கிராம், அதற்கு மேல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ ஏராளம். கழுவின அரிசி 400 கிராம். மஞ்சள் பூசணி ஒரு துண்டு, ரெண்டு மூன்று கேரட், ஒரு கை பீன்ஸ். கேரட்டை அடியில் போடு, அதுதான் வேக நேரமெடுக்கும். ஒன்றே கால் லிட்டர் தண்ணீர். உப்பு வேண்டாம். லோவில் வைத்தால் ஆறேழு மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே, ஒவ்வொரு தடவையும் போன சூடு திரும்பி வர இருபது நிமிஷம் ஆகும். முத்து அதன் முன்னால் காலையிலிருந்து காவல் இருப்பான், அவனுக்காகவும் திறக்காதே. அரிசி கூழாகக் குழைந்துவிடும். நமக்கென்றால் முகம் சுளிப்போம், அவனுக்கு அதுதான் நல்லது.

வெந்த தண்ணீரை வடிக்காதே. கறியில் டாரின் என்று ஒன்று இருக்கிறது, இதயத்துக்கு வேண்டியது, அது தண்ணீரில்தான் இறங்கி நிற்கும். மேலே மிதக்கிற கொழுப்பை மட்டும் ஆறினதும் கரண்டியால் எடுத்துவிடு. கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கிவிடும். அப்படி ஒன்று வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு உன் ஒரு மாத வாடகை.

வெங்காயம், பூண்டு வாடையே கூடாது. வதக்கினாலும் கூடாது, பொடியானாலும் கூடாது, ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும். பூண்டு போட்டால் பூச்சி சாகும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்வார்கள், சரி சரி என்று கேட்டுக்கொள், போடாதே. நமக்கு வைத்த குழம்பில் ரெண்டு கரண்டி எடுத்து அவனுக்கு ஊற்றுவதும் இதில்தான் சேரும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்துக்கு ஆகாது. பாயசம் வைத்த பாத்திரத்தைக் கீழே வைக்காதே.

எவ்வளவு போடுவது என்று கேட்பாய். உன் தம்பி கால்குலேட்டரில் ஒரு வித்தை காட்டினான். முத்து 20 கிலோ. 20-ஐ மூன்று தடவை பெருக்கு, 8000. வர்க்கமூலப் பட்டனை ரெண்டு தடவை அழுத்து, ஒன்பதரைக்குப் பக்கத்தில் வரும். 70-ஆல் பெருக்கு, 660 சொச்சம். சும்மா படுத்திருக்கவே அவ்வளவு கலோரி வேண்டும். அவனுக்குக் கருத்தடை செய்தாகிவிட்டது, கொஞ்சம் நடக்கிறான், அதனால் 1.6-ஆல் பெருக்கினால் 1050 சொச்சம். நான் சொன்ன அளவுக்குச் சட்டி நிறைய வைத்தால் ஏறக்குறைய 3500 கலோரி, மூன்று நாளைக்குத் தாராளமாக வரும். ஆனால் கணக்கைவிட எடை மெஷின் நம்பகமானது. மாதம் ஒரு தடவை அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி நில், அப்புறம் நீ மட்டும் நில், கழித்துப் பார்.

ஆக்கி முடித்ததும் முழுச் சட்டியையும் அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளாதே, நடுவில் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி, ரெண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வை. மூன்று நாளைக்குள் முடியாததை ஃப்ரீசரில் போடு. ஒரேயடியாகவும் மாற்றாதே, பாக்கெட் தீனியோடு கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளில் மாற்று. இன்னொன்று, பாக்கெட் தீனி விஷம் என்று யாரோ சொன்னதை எனக்கு அனுப்பியிருந்தாய். விஷமும் இல்லை ஒன்றுமில்லை. சத்து அளவு பார்த்துத்தான் செய்கிறார்கள். பாதி அது, பாதி இது என்று வைத்தாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது கால்சியம். முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து மிக்ஸியில் அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது, மைதா மாதிரி இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவுச் சட்டிக்குத் தலை தட்டி ரெண்டு டீஸ்பூன். ஆனால் இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. ஓட்டில் கால்சியம் மட்டும்தான் இருக்கிறது. துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ இவையெல்லாம் இந்தச் சட்டியில் போதாது. இதற்கென்றே படித்த கால்நடை ஊட்டச்சத்து மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். நீ என்னென்ன போடுகிறாய் என்று கிராம் கணக்கில் எழுதிக் காட்டினால் என்ன பொடி எவ்வளவு சேர்க்கணும் என்று எழுதித் தருவார்கள். காசு கேட்பார்கள், கொடு. போகும்போது ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடு. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் நான் எழுதின சமையலே மாறிவிடும்.

அப்பா நன்றாக இருக்கிறார், சுகர் மாத்திரையை மட்டும் மறக்கிறார். உன் தம்பிக்கு அடுத்த மாதம் பரீட்சை.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. நான் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய முட்டை ஓட்டுப் பொடி அரைத்து, உன் சமையலறையில் மேல் தட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். பேர் எழுதி ஒட்டவில்லை. மார்கழியில் கோலம் போட்டதாகப் படம் அனுப்பினாயே, மாவு எங்கே கிடைத்தது என்று அப்போதே கேட்க நினைத்தேன். பாட்டிலில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா