சிறார் நூல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குலத்து வாளைத் தேடிப் புறப்படும் ஒரு சுண்டெலியின் கதை உங்கள் மேசைக்கு வந்தால், தயவுசெய்து அதை 32 பக்கமாகச் சுருக்காதீர்கள். கடைசியில் ஒரு நீதியையும் ஒட்டாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சுண்டெலி சுமார் 20 கிராம் இருக்கும். பூட்டன் விட்டுப்போன வாளை அதனால் ஏந்த முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுத்தால் கல்லில் உராயும். கூகையோ கும்மிருட்டிலும் சத்தத்தை மட்டும் வைத்தே இரையைப் பிடித்துவிடும். அதன் காதுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று உயரம் மாறி அமைந்திருப்பதால், சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்பதுகூட அதற்குத் தெரியும். அது வருவதோ எலிக்குக் கேட்காது. இறகின் ஓரம் காற்றின் ஓசையை அடக்கிவிடும். வாளைப் போட்டுவிட்டு ஓடினால் எலி பிழைக்கும். போடுமா? கதையே இங்கேதான் இருக்கிறது. சுருக்கும்போது முதலில் பறிபோவதும் இதுதான். 'பல இன்னல்களைக் கடந்து வாளை அடைந்தது' என்று ஒற்றை வரி மிஞ்சும். அந்த வரியை எந்தக் குழந்தையும் இரண்டாம் முறை படிக்காது.

பழைய வீரனின் வாளைத் தேடும் எலியின் கதையை 1986இல் வெளியிட்ட பிரையன் ஜேக்ஸ், லிவர்பூலில் பால் வண்டி ஓட்டியவர். பால் கொண்டுபோய்க் கொடுத்த பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான் அதை எழுதினார். அதனால்தான் அதில் மணமும் சுவையும் ஓசையும் அத்தனை விரிவு. அந்த விரிவை 'தேவையற்ற வர்ணனை' என்று நீங்கள் அடித்துவிடக் கூடாது.

நீதி இல்லாவிட்டால் பெற்றோர் வாங்க மாட்டார்கள் என்பீர்கள். புறநானூறு 279ஆம் பாட்டைப் பாருங்கள். முந்தைய நாள் போரில் கணவனை இழந்தவள், ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அது யாருடைய வேல் என்று பாட்டு சொல்லவில்லை. இதனால் அறியப்படுவது யாதெனில் என்றும் ஒரு வரி இல்லை. அதைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் நம்மை நம்பினார். நீங்கள் பத்து வயதுப் பிள்ளைகளை நம்புங்கள்.

கதை நீளமாக இருந்தால் இரண்டு பாகமாகப் போடுங்கள். வாள் கிடைப்பதற்கு முந்தைய இரவில் முதல் பாகத்தை நிறுத்துங்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அன்புடன்,
விலங்குக் கதைகளை இன்னும் விடாத ஒரு வாசகர்