கொல்லைப்புறக் கதைகளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் புத்தகப் பக்கத்தில் சரித்திர நாவல் என்று வந்தாலே குதிரை, குறுவாள், இளவரசி. நானும் அதைப் படித்து வளர்ந்தவன்தான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். மருமகள் 'டவுன்டன் ஆபி' என்கிற இங்கிலீஷ் டிவி சீரியலைப் பார்க்க ஆரம்பித்து, டைட்டானிக் மூழ்கிய செய்தி வருகிற முதல் எபிசோடிலிருந்து ஆறு சீசனையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இதே மாதிரி பிரபுக்களும் வேலைக்காரர்களுமாகத் தமிழில் நாவல் இருக்கிறதா என்று கேட்டாள். பெருமையாகப் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்து, "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா இந்த அரண்மனையில யார் சமைக்கிறாங்க, யார் பாத்திரம் தேய்க்கிறாங்க?" என்றாள். சேந்தன் அமுதன் இல்லையா என்று கல்கி ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பூ கட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையையும் கடைசியில் ராஜ வம்சம் என்று சொல்லிச் சிம்மாசனத்தில் ஏற்றிவிடுகிறாரே!

இங்கிலீஷில் இதற்குப் பஞ்சமில்லை. சமையலறையில் எடுபிடியாக வேலை பார்த்த மார்கரெட் பவல் 1968-ல் தன் கதையை எழுதினார், நாவல் இல்லை, நடந்தது. ஷூ லேஸைக்கூட இஸ்திரி போட வேண்டும், செய்தித்தாளைக் கையால் நீட்டினால் தப்பு, வெள்ளித் தட்டில் வைத்துத்தான் தர வேண்டும். (உங்கள் பேப்பர் எங்கள் வீட்டில் கேட்டில் செருகிக் கிடக்கிறது, மழை நாளில் நனைந்து.) ஜோ பேக்கரின் 'லாங்போர்ன்' 2013-ல் வந்தது. 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் ஜேன் ஆஸ்டினின் நாயகி சேற்றில் நடந்து போவதை எல்லோரும் ரசித்தோம் அல்லவா, அந்தப் பாவாடைச் சேற்றைக் கசக்கிக் கசக்கிக் கை வெடித்துப்போன பெண்ணின் கதை இது. நாவலாசிரியர் இஷிகுரோவுக்கு 1989-ல் புக்கர் பரிசு வாங்கித் தந்த 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' பட்லரோ, பெற்ற தகப்பன் மாடியில் செத்துக்கொண்டிருக்க, கீழே விருந்தாளிகளுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருப்பார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம்மூர்ப் பெரிய வீடுகளில் கணக்கு வேறு, முன்வாசல், கொல்லைப்புறம். சென்னையில் பழைய பங்களா எதையாவது இடிப்பதற்கு முன் பின்பக்கம் எட்டிப் பாருங்கள், துருப்பிடித்த இரும்புச் சுழல் படி ஒன்று சுவரை ஒட்டி ஏறும். கக்கூஸ் கழுவ வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்காமல் மாடிக்குப் போக அது. என் அம்மாவைப் பெற்ற பாட்டி லஸ் பக்கம் ஒரு வக்கீல் பங்களாவில் துணி துவைத்தவள். அந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது வக்கீலுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது, பாட்டிக்குத் தெரியும். அந்த மாதம் தோய்க்க வரவேண்டிய துணி வரவில்லையே! இதைவிட நாவலுக்கு என்ன வேண்டும்?

தமிழில் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் புதுச்சேரிக்கு பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' இருக்கிறது. ஜெயமோகனின் 'வெள்ளை யானை'யைக் கையில் எடுத்தால் எங்கள் திருவல்லிக்கேணிக்கே வந்துவிடலாம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ்கட்டி வந்து இறங்கும், வெள்ளைக்காரன் குடிக்கிற கோப்பையில் மிதக்க. வெளியே தாது வருஷப் பஞ்சம், உள்ளே, ஐஸ் ஹவுஸ் கிடங்கில், அந்த ஐஸைச் சுமந்து கை மரத்துப்போன தலித் கூலிகள். இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம், மெரினாவில் நடக்கப் போகிற நாங்கள் தினமும் தாண்டிப் போகிறோம்.

ஆனால் துபாஷி (வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர்) வீட்டுச் சமையற்காரர், பங்களா பட்லர் (பட்லர் இங்கிலீஷ் என்று கிண்டல் மட்டும் மிச்சம்), துரை குழந்தைகளைத் தூக்கி வளர்த்த ஆயா, இவர்களைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. இந்தியாவிலிருந்து குழந்தையைக் கவனித்துக்கொள்ளக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், அங்கே இறங்கியதும் சில ஆயாக்களை நடுத்தெருவில் விட்டுவிட்டார்கள், அவர்கள் தங்குவதற்கென்றே லண்டன் ஹாக்னியில் ஒரு விடுதி இருந்தது. 2022-ல் அந்த வீட்டுக்கு, வரலாற்றுச் சிறப்புள்ள இடம் என்று காட்டும் நீலப் பலகை வைத்தார்கள்.

பொங்கலுக்கு நந்தனம் புத்தகக் காட்சி வரும், நீங்களும் வழக்கம்போல் பட்டியல் போடுவீர்கள். அதில் இந்த மாதிரி நாவல்களுக்கு ஒரு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள் சார். மருமகள் 'வெள்ளை யானை'யில் பாதி தாண்டிவிட்டாள், அடுத்து என்ன என்று கேட்பாள், என் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருவல்லிக்கேணி, சென்னை