பங்கீட்டுப் பேரேட்டில் எங்கள் பெயரையும் எழுதுங்கள்

சீலோவாம், எருசலேம், 1886

நிதிப் பொறுப்பிலுள்ள மதிப்புக்குரிய ஐயாக்களுக்கு,

ஏமனிலிருந்து எருசலேமுக்கு வந்து குடியேறிய யூதர்களில் ஒருவன் வணக்கத்துடன் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் விதவைகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு, பஸ்கா பண்டிகைக்கு வேண்டிய மாவுக்கு உதவி கேட்டு உங்களிடம் வந்தேன். கணக்கர் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "ஏமன்காரர் பெயர் ஒன்றும் இதில் இல்லையே" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எழுதாத பெயரை அவர் எப்படி வாசிப்பார்? எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

எருசலேம் ஏழைகளுக்கென்று வெளிநாட்டு யூதர்கள் அனுப்பும் உதவிப் பணத்தை ஹலூக்கா என்கிறோம். ஹலூக்கா என்றாலே பங்கீடுதான். வார்சாவிலிருந்து வரும் பணம் வார்சாக்காரருக்கு, ஹங்கேரிப் பணம் ஹங்கேரிக்காரருக்கு என்று ஒவ்வொரு கொல்லெலும், அதாவது ஒரே ஊரிலிருந்து வந்தவர்களின் சங்கமும், தன் ஊராரைப் பார்த்துக்கொள்கிறது. சரி. ஏமனில் திரட்டிய பணம் யாருக்குப் போனது? 1859-இல் இங்கிருந்து தூதராக யாக்கோப் சஃபீர், எருசலேமில் ஜெப ஆலயம் கட்ட நிதி கேட்டு ஏமனுக்கு வந்தபோது நான் சிறுவன். வேறு தூதர்களும் வந்தார்கள். என் அப்பா வெள்ளி வேலை செய்பவர். கூலியில் ஒதுக்கி வைத்ததை எடுத்துக் கொடுத்து, "எருசலேமில் நம்மவர் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது" என்றார். இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் அதே எருசலேமில் பட்டினி கிடக்கிறார்கள்.

"பேரீச்ச மரத்தில் ஏறுவேன்" என்று உன்னதப்பாட்டில் வருகிறது. அதில் "பேரீச்ச மரத்தில்" என்பதற்கான எபிரெயச் சொல் "பெதாமார்". எபிரெயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு; அந்தச் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 642. ஆயிரத்தை விட்டு எழுதினால் 642 ஆகும் 5642-ஆம் ஆண்டு எங்கள் யூதக் கணக்கில் பிறந்ததும் இதுதான் நேரம் என்று வீடு வாசலை விற்றுக் கிளம்பினோம். வந்து சேர்ந்தபோது, நாங்கள் யூதர்கள்தானா என்றே சிலர் கேட்டார்கள். வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை. முதல் மழைக்காலத்தை ஒலிவ மலைச் சரிவில் ஒரு குகையில் கழித்தோம்.

அங்கேதான் என் இரண்டாவது மகள் காய்ச்சலில் போனாள். அடக்கம் செய்யக் குழி வெட்டும் முன்பே கட்டணம் கேட்டார்கள். கையில் காசில்லை. மாலைவரை அவளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அப்பா எனக்கு விட்டுப்போன சிறு சுத்தியலையும் இடுக்கியையும் விற்றுக் கட்டணத்தைக் கட்டினேன். அன்றிலிருந்து நான் வெள்ளி வேலை செய்யவில்லை. கல் சுமக்கிறேன்.

அடக்கக் கட்டணம் கேட்கும்போது நாங்கள் உங்கள் சமூகம். இறைச்சிக்கு வரி வாங்கும்போதும் உங்கள் சமூகம். பங்கு கேட்டு வந்தால் மட்டும் அந்நியரா? இது நியாயமில்லை, ஐயா.

வேதம் படிப்பவர்களுக்கே பணம் என்றும் சொல்லக் கேட்டேன். எங்கள் ஊரில் புத்தகம் கிடைப்பது அரிது. ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து, பக்கவாட்டிலும் தலைகீழாகவும் வாசிக்கப் பழகியவர்கள் நாங்கள். இன்றும் பகலெல்லாம் கல் சுமந்துவிட்டு இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படிக்கிறோம். வெளிநாட்டுக்கு நீங்கள் அனுப்பும் மடல்களில் எருசலேமின் ஏழைகளைப் பற்றி எழுதுகிறீர்களே, அந்த ஏழைகளில் நாங்கள் இல்லையா? யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று ஒரு வரி கணக்காவது எங்களுக்குக் காட்டியதுண்டா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரக்கம் உள்ளவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். பத்திரிகை நடத்தும் ஃபுரும்கின் அவர்களும் எஸ்ரத் நிதாஹிம் என்ற உதவிச் சங்கத்தாரும் சீலோவாமில் எங்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்குச் சாகும்வரை இருக்கும். ஆனால் வீடு இருந்தால் போதுமா? அடுப்பில் ஏதாவது வேக வேண்டாமா?

எங்கள் பெயர்களைப் பேரேட்டில் எழுதுங்கள். முதலில் விதவைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் எழுதுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறோம். அப்புறம், ஏமனிலிருந்து வந்த பணத்தின் கணக்கை எங்கள் பெரியவர்கள் இருவருக்காவது காட்டுங்கள்.

அந்த ஆறு விதவைகளின் பெயரையும் அவர்களுடைய பிள்ளைகளின் வயதையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பஸ்காவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் மாவு கிடைக்கும்படி செய்யுங்கள்.

பணிவுடன்,
சீலோவாமில் குடியிருக்கும் ஏமன்காரன் ஒருவன்