கடைசி வரிசையில் அமர்ந்து என் வகுப்பைப் பார்த்த ஐயாவுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏழாம் வகுப்பில் பயிற்சி ஆசிரியையாக நான் நடத்திய தமிழ்ப் பாடத்தைக் கடைசி வரிசையில் அமர்ந்து உற்றுநோக்கிய தாங்கள், என் பதிவேட்டில் இரண்டு குறிப்புகளை எழுதியிருந்தீர்கள். ‘மாணவர் பிழைகள் உடனுக்குடன் திருத்தப்படவில்லை’ என்பது ஒன்று. ‘வினாவுக்குப் பின் நீண்ட அமைதி, நேரம் வீணாகிறது’ என்பது மற்றொன்று. குரலுக்கும் கரும்பலகை எழுத்துக்கும் வகுப்புக் கட்டுப்பாட்டுக்கும் தாங்கள் தாராளமாகவே மதிப்பெண் அளித்திருக்கிறீர்கள். ஆகவே கூடுதல் மதிப்பெண் கேட்டு இதை நான் எழுதவில்லை. அவ்விரண்டையும் தெரிந்தேதான் செய்தேன் என்பதையும், அதற்கான காரணத்தையும் தங்களிடம் சொல்ல விரும்புகிறேன். பயிற்சியில் இருக்கும் என் தோழிகள் சிலரின் பதிவேடுகளிலும் இதே குறிப்புகள் இருப்பதால், மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

தாங்கள் வருவதற்கு முன்பே, மழை பெய்த ஒரு நாளைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லி மாணவர்களின் ஏடுகளை வாங்கி வைத்திருந்தேன். ‘குருவிகள் கூட்டுக்குள் ஒளிந்துகொண்டது’, ‘மரங்கள் ஆடியது’, ‘மாடுகள் கத்தியது’ என்று ஏட்டுக்கு ஏடு ஒருமை பன்மை மயக்கம். ஆனால் அதே ஏடுகளில் ‘பிள்ளைகள் ஓடினார்கள்’ என்பதை ஒருவர்கூட ‘ஓடினான்’ என்றோ ‘ஓடியது’ என்றோ எழுதவில்லை. கவனக்குறைவுதான் காரணம் என்றால், அந்தக் கவனக்குறைவு குருவியிடமும் மாட்டிடமும் மட்டும் தலைகாட்டுவானேன்?

பேச்சைச் சற்றுக் காதுகொடுத்துக் கேட்டால் விடை கிடைத்துவிடுகிறது. ‘பசங்க ஓடுனாங்க’ என்று பேசும்போது பன்மை வினைமுற்றிலும் ஒலிக்கிறது. ‘மாடு கத்துச்சு’, ‘மாடுங்க கத்துச்சு’ என்னும் இரண்டிலும் வினைமுற்று மாறுவதே இல்லை. பிறந்தது முதல் கேட்டுவந்த அந்த இலக்கணத்தைத்தான் பிள்ளைகள் பிசகாமல் எழுத்துக்கும் கொண்டுவருகிறார்கள். பிட் கார்டர் என்னும் மொழியியலாளர் 1967-இல் எழுதிய கட்டுரையில், கற்பவரின் பிழைகள் அவர் மனத்தில் அதுவரை உருவாகியுள்ள மொழி ஒழுங்கைக் காட்டுகின்றன என்றார்; களைப்பிலோ அவசரத்திலோ நேரும் தடுமாற்றத்தை இவ்வகைப் பிழையிலிருந்து பிரித்தும் காட்டினார். இரண்டாம் மொழி கற்பவர்களைக் கருதியே அவர் அதை எழுதினார் என்பது உண்மைதான். ஆயினும் பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குள் நுழையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடக்க வேண்டிய தொலைவு ஒன்றும் சிறியதன்று.

எல்லாப் பிழைகளுக்கும் வேர் இதுவே என்று நான் சொல்ல வரவில்லை. ‘பறவை’ ‘பரவை’ ஆவதும் ‘மழை’ ‘மளை’ ஆவதும் வேறு வகை. பலருடைய நாவில் அந்த எழுத்துகளின் ஒலி ஒன்றாகிவிட்டதால், சொல்லைத் திரும்பத் திரும்பக் கண்ணால் பார்த்துப் பழகுவதைத் தவிர அதற்குப் பெரிய மருந்து இல்லை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூன்றாவது வகைதான். இரண்டாம் வரிசை மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: ‘நான் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நின்று என்னைத் திட்டினேன்.’ வாக்கியம் முடிவதற்குள் திட்டியவரும் திட்டு வாங்கியவரும் இடம் மாறிவிட்டார்கள். (அந்தத் தாய் படித்திருந்தால் இன்னொரு முறை திட்டியிருப்பார்.) ஆனால் அந்த ஏட்டின் முந்தைய பக்கங்களில் ‘மழை வந்தது. நான் நனைந்தேன்.’ என்ற அளவில்தான் அவள் எழுதிவந்தாள். முதன்முறையாக இரண்டு எழுவாய்களை ஒரே வாக்கியத்தில் கட்டி இழுக்கத் துணிந்த இடத்தில்தான் இந்தப் பிழை நேர்ந்திருக்கிறது. அதன்மேல் சிவப்பு மையால் கோடு கிழித்தால், அடுத்த வாரம் அவள் பழைய குட்டி வாக்கியங்களுக்கே திரும்பிப் பிழையில்லாமல் எழுதுவாள். நாமும் ‘நன்று’ என்று கையொப்பமிடுவோம்.

தாங்கள் பார்த்த அந்தப் பாடவேளையில் நான் செய்தது இதன் தொடர்ச்சியே. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, பேசும் வாக்கியங்களை இடப்புறமும் எழுதும் வாக்கியங்களை வலப்புறமும் எழுதிவிட்டு, எங்கே வேறுபடுகிறது, ஏன் அங்கே மட்டும் வேறுபடுகிறது என்று கேட்டேன். அந்த வினாவுக்குப் பின் வந்த அமைதியைத்தான் தாங்கள் குறித்திருக்கிறீர்கள். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினா கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வாய் திறவாதவர்களும் பேச முன்வந்தார்கள். மூன்று விநாடி என்பது சொல்லும்போது அற்பமாகத் தோன்றும். பின்னால் ஒருவர் பேனாவுடன் அமர்ந்திருக்கையில் பயிற்சி ஆசிரியைக்கு அது எவ்வளவு நீளம் என்பதைத் தாங்களும் ஒரு காலத்தில் அறிந்திருப்பீர்கள்.

அந்த அமைதியின் முடிவில் சன்னலோரத்து மாணவன் எழுந்து, “மிஸ், பேசுறப்போ மனுசங்களுக்கு மட்டும்தான் வினையில பன்மை இருக்கு, மாட்டுக்கு இல்ல” என்றான். உயர்திணை, அஃறிணை என்னும் சொற்களை நான் அதுவரை உச்சரிக்கவே இல்லை. அவன் கண்டுபிடித்ததற்குப் பெயர் வைக்கும் வேலை மட்டுமே எனக்கு மிஞ்சியிருந்தது. அவன் பேச்சுவழக்கில் விடை சொன்னதை நான் திருத்தவில்லை என்பதும் தங்கள் முதல் குறிப்பில் அடக்கம் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் ‘பேசுகையில் என்று சொல்’ என்று குறுக்கிட்டிருந்தால், அவன் எண்ணத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தடுமாறியிருப்பான்.

திருத்தாமல் விட்டால் பிழை மனத்தில் பதிந்துவிடும் என்பது தங்கள் கவலை. அதில் நியாயம் உண்டு. தேர்வுத்தாள் திருத்துபவர் பிழைக்கு வேர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அதனால்தான் ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை என்று வைத்துக்கொண்டு, அதை மட்டும் கோடிட்டுத் தருகிறேன். திருத்துவது அவர்கள் வேலை. இந்த வாரம் ‘ஆடியது’, ‘ஆடின’ மட்டும்தான். மற்றப் பிழைகள் ஏட்டில் அப்படியே கிடப்பதைப் பார்க்க எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். உற்றுநோக்கல் படிவத்தில் ஆசிரியர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதற்கே கட்டங்கள் உள்ளன. மாணவர் சொன்னதை எழுதிக்கொள்ள ஓர் இடமும் இல்லை. அடுத்த முறை தாங்கள் வரும்போது கடைசி வரிசையை விட்டு இரண்டாம் வரிசையில் அமர்ந்து, பிள்ளைகள் சொல்லும் விடைகளில் சிலவற்றையாவது அவர்கள் சொன்னபடியே குறித்துத் தர வேண்டும். பாடம் நடத்திக்கொண்டே அதைச் செய்ய என்னால் இயலவில்லை. நீண்ட வாக்கியத்தில் எழுவாயைத் தவறவிடாமல் பயனிலை வரை கொண்டுசெல்வது எப்படி என்பதுதான் தாங்கள் அடுத்து வரும் நாளின் பாடம். அம்மாவைத் திட்டிய அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு அந்த மாணவியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன். தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் அவள் விதித்த நிபந்தனை.

இப்படிக்கு,
தங்கள் பயிற்சி மாணவி