தேங்காயிலிருந்து வந்தால் மட்டும் பசுமை ஆகிவிடாது

ஆசிரியருக்கு,

இயற்கை கிரீம்களில் எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைப்பது பால்மமாக்கி. அது தேங்காயிலிருந்தே வந்தாலும், கொழுப்பு அமிலத்தையும் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளையும் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சேர்ப்பதே வழக்கம். எரிபொருளும் அதிகம், நிறமும் கருகும்.

கொழுப்புகளில் வினைபுரியும் லைபேஸ் நொதி இதை 50-60 டிகிரியிலேயே செய்துவிடும். ஆனால் வினையில் உண்டாகும் நீரை வெற்றிடத்தில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வினை திரும்பி, சேர்ந்தது மறுபடி உடையும். சர்க்கரை வகைகள் கொழுப்பில் எளிதில் கரையாததால், விடாமல் கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும். நொதி விலை உயர்ந்தது. சிறு மணிகளில் பதித்து, வடிகட்டி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும்.

மணலி ஆலைகளுக்கு நடுவே வாழும் நமக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. அந்த ஆலைகளும் வட சென்னைக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளும் சேர்ந்து சிறு அளவிலாவது இதைத் தொடங்க வேண்டும்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டையில் வீட்டில் கிரீம் செய்யும் சகோதரிகளுக்கு: தேன்மெழுகு கெட்டியாக்கும், இணைக்காது. 100 கிராமுக்கு 5 கிராம் ஆலிவ் எண்ணெய்வழிப் பால்மமாக்கி சேருங்கள். எண்ணெய்க் கலவையையும் நீரையும் தனித்தனியே 75 டிகிரிக்குக் கொண்டுவந்து கலக்குங்கள்; ஒன்று ஆறியிருந்தால் குருணை தட்டும். நீர் சேர்ந்த கிரீமுக்குப் பூஞ்சை, பாக்டீரியா இரண்டையும் தடுக்கும் பதப்படுத்தும் பொருள் கட்டாயம். அதை 40 டிகிரிக்குக் கீழே ஆறியபின் சேர்ப்பது நல்லது.

- வேதியியல் துறையினர் சிலர், திருவொற்றியூர்